கழற்றி வைத்தால்தான் பேக்கப்

தென்கொரிய மத்திய அரசு ஊழியர்களுக்கு 2018 முதல் ஒரு வழிகாட்டுதல் இருந்தது. வேலை ஃபைல்களை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஜி-டிரைவ் என்ற அரசுச் சேமிப்பகத்தில் போடுங்கள் என்று. ஆளுக்கு 30 ஜி.பி. இடமும் கொடுத்திருந்தார்கள். யோசனை நல்ல யோசனைதான். கம்ப்யூட்டர் பழுதானாலும் ஃபைல் போகாது, ஆள் மாற்றலாகிப் போனாலும் போகாது. 2025 செப்டம்பர் 26 அன்று இரவு, தேஜான் நகரில் இருக்கும் தேசியத் தகவல் வள மையத்தில் யூ.பி.எஸ். அமைப்பின் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றுபோயின. அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஜி-டிரைவ் வரவில்லை. அதில் இருந்த 858 டி.பி. தகவலுக்கு வேறெங்கும் நகல் இல்லை. கொள்ளளவு பெரியது என்பதால் வெளியே பேக்கப் எடுக்கும் ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள்.

பெரியதுதான். ஆனாலும் கடையில் கிடைக்கும் 5 டி.பி. எக்ஸ்டர்னல் டிஸ்க் 172 வாங்கினால் அடங்கிவிடும் அளவு அது. அரசாங்கம் டிஸ்க் அடுக்கி பேக்கப் எடுக்காது, எடுக்கவும் கூடாது. ஒரு அளவுக்காகச் சொன்னேன்.

அப்புறம் எதை வைத்து மீட்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். வேறொரு அமைப்பில் பதிவாகியிருந்த முறையான ஒப்புதல் ஆவணங்கள், மின்னஞ்சலில் போயிருந்த இணைப்புகள், அச்சடித்து வைத்திருந்த தாள்கள், கடைசி ஒரு மாதத்தில் அவரவர் கம்ப்யூட்டரில் தங்கிப்போன ஃபைல்கள். விதிப்படி ஒழுங்காக எல்லாவற்றையும் ஜி-டிரைவிலேயே வைத்திருந்த பணியாளர் மேலாண்மை அமைச்சகத்துக்குத்தான் அடி அதிகம்.

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுப்பதைப் பற்றி எழுத ஆரம்பித்தால், எந்த டிஸ்க் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்றுதான் பேச்சு போகும். இரண்டும் இரண்டாம்பட்சம். நகல் ஒன்று இருக்கிறதா என்பதைவிட, அந்த நகல் மூலத்திடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. அதே டிஸ்க்கா, அதே மெஷினா, அதே கேபிளில் தொங்குகிறதா, அதே கட்டடமா? இந்தத் தூரத்தை சில ஆயிரம் ரூபாய் செலவில் ஒரு சின்ன ஆபீஸுக்கு வாங்கிக் கொடுப்பதால்தான், கிளவுட் காலத்திலும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மவுசு குறையவில்லை.

முதல் தூரத்திலேயே நம் ஊர் ஆபீஸ்கள் பல சறுக்குகின்றன. "சி டிரைவில் எதுவும் வைக்காதீங்க சார், ஃபார்மேட் அடிச்சா போயிடும், எல்லாத்தையும் டி டிரைவில் போட்டுக்குங்க" என்று சர்வீஸ் பண்ண வருகிறவர் சொல்லிவிட்டுப் போவார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பழக்கம். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விண்டோஸை அழித்துப் போட வேண்டியிருக்கும், சி போனாலும் டி நிற்கும். ஆனால் பெரும்பாலான மெஷின்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கைக் கோடு போட்டுப் பிரித்த பகுதிகள். டிஸ்க்கே போனால் இரண்டும் ஒன்றாகப் போகும். டி டிரைவில் "பேக்கப்" என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டர், அதற்குள் "பேக்கப் நியூ", அதற்குள் "பேக்கப் ஃபைனல்" என்று வைத்திருக்கும் ஆபீஸ்கள் ஏராளம். அத்தனையும் ஒரே தட்டில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த டி டிரைவ் பழக்கத்தில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த ஃபைல் ஹிஸ்டரி, எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகிவிட்டால் மணிக்கொரு முறை மாறிய ஃபைல்களை மட்டும் பழைய வடிவத்தோடு சேர்த்து வைக்கும். இலவசம், கூடவே வருகிறது, நல்ல கருவி. ஆனால் அது இயல்பாகப் பார்ப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரியான பயனர் ஃபோல்டர்களை மட்டும். டி டிரைவில் "ஆபீஸ் டேட்டா" என்று இருக்கும் ஃபோல்டரை நாமாக லைப்ரரியில் சேர்க்காதவரை அது கண்டுகொள்ளாது. கடைசியாக நகலெடுத்த தேதியும் நேரமும் சரியாக ஏறிக்கொண்டே இருக்கும். உள்ளே போனால் வால்பேப்பர் படங்களும் யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்தும்தான் பத்திரமாக இருக்கும்.

எதை நகலெடுக்க வேண்டும் என்பதை ஒரு முறை உட்கார்ந்து தேடித்தான் ஆக வேண்டும். டேலி கணக்கு மென்பொருள் தன் டேட்டாவை எங்கே வைத்திருக்கிறது என்பது அதை யார், எப்போது நிறுவினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். கம்பெனி பெயரில் தேடினால் கிடைக்காது, வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டராக இருக்கும். டேலிக்குள்ளேயே டேட்டா இருக்கும் பாதையைக் காட்டும், அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளலாம். அவுட்லுக் பயன்படுத்துகிறவர்களுக்கு பி.எஸ்.டி. ஃபைல். பத்து வருட மின்னஞ்சலும் ஒரே ஃபைலுக்குள் இருக்கும், அவுட்லுக் திறந்திருக்கும்போது அதை நகலெடுக்கப் போனால் பூட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைக்கும் முன், எல்லா மென்பொருளையும் மூடிவிட்டு, அதற்கு அப்புறம் பேக்கப் எடுப்பது என்ற வரிசை இதற்காகத்தான்.

ஒன்டிரைவ் இருக்கும் மெஷினில் வேறு மாதிரிக் குழப்பம். டெஸ்க்டாப்பில் ஃபைல் தெரியும், அளவும் காட்டும். பக்கத்தில் ஒரு சின்ன மேக அடையாளம் இருந்தால் அந்த ஃபைலின் உள்ளடக்கம் மெஷினில் இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஃபோல்டரை எக்ஸ்டர்னலுக்கு இழுத்துப் போட்டால் ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து இறக்கி, பிறகுதான் நகலெடுக்கும். நெட் இல்லாத நாளில் பிழைச்செய்தி வரும். ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு என்ற தேர்வைப் போட்டுவிட்டு, இறங்கி முடித்த பிறகு நகலெடுக்க வேண்டும்.

அதான் ஒன்டிரைவ் இருக்கிறதே, கூகுள் டிரைவ் இருக்கிறதே, எக்ஸ்டர்னல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒத்திசைவு என்பது இரண்டு இடங்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் வேலை. இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழிக்கும். இங்கே ஒரு எக்ஸெல் ஷீட்டில் தெரியாமல் ஒரு வரிசையை அழித்து சேவ் பண்ணினால் அங்கேயும் அதே ஓட்டை விழும். ரீசைக்கிள் பின், பழைய பதிப்பு என்று சில வாரக் கால அவகாசம் கொடுக்கிறார்கள், அதுவும் பல நேரம் காப்பாற்றுகிறது. மார்ச்சில் அழிந்தது ஜூலையில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரிகிறது என்றால் அந்த அவகாசம் எப்போதோ முடிந்திருக்கும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் இதே ஒத்திசைவைச் செய்துவிட்டு அதை பேக்கப் என்று நம்புவது இன்னும் அதிகம் நடக்கிறது. விண்டோஸில் விஸ்டா காலம் முதலே கூடவே வரும் ரோபோகாப்பி என்ற கட்டளை இருக்கிறது. அதில் "மிர்" என்ற சுவிட்ச், அதாவது கட்டளையோடு சேர்த்து அடிக்கும் துணைக்குறிப்பு, மூலத்தில் இருப்பதை அப்படியே எதிரொளிக்கும். மூலத்தில் இல்லாததை எக்ஸ்டர்னலில் இருந்து அழித்துவிடும். மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிக் கொடுத்தால், காலியான புது டிஸ்க்கைப் பார்த்து ஆபீஸ் ஃபோல்டரைக் காலி செய்யும். எதுவும் கேட்காது. அந்த சுவிட்சை எடுத்துவிட்டு, "இ" சுவிட்ச் போட்டால் புதியதைச் சேர்க்கும், மாறியதைப் பழையதன் மேல் எழுதும், மூலத்தில் இல்லாததை அழிக்காது. எந்தக் கட்டளையையும் முதலில் "எல்" சுவிட்சோடு ஓட்டிப் பார்ப்பது நல்லது. என்ன செய்யப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

ரோபோகாப்பியில் இன்னொரு வேடிக்கை. பூட்டியிருக்கும் ஃபைல் ஒன்று குறுக்கே வந்தால் 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும். எத்தனை முறை என்றால், நாம் எதுவும் சொல்லாவிட்டால், பத்து லட்சம் முறை. கணக்குப் போட்டால் 347 நாள். அவுட்லுக்கை மூடாமல் இரவில் பேக்கப் போட்டுவிட்டுப் போனவர் காலையில் வந்து பார்க்கும்போது அது இன்னும் அதே பி.எஸ்.டி. ஃபைலின் வாசலில் நின்றுகொண்டிருப்பது இதனால்தான். மறுமுயற்சி இரண்டு, காத்திருப்பு ஐந்து விநாடி என்று கட்டளையிலேயே கொடுத்துவிட்டால், பூட்டியதைத் தாண்டிப்போய் மீதியை முடித்துவிட்டு, விட்டுப்போனதைக் கடைசியில் தோல்விக் கணக்கில் காட்டும்.

பேக்கப் வேலையே தகவலை அழித்த கதைக்கு கியோட்டோ பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, அங்கிருந்த சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்திலிருந்து 77 டி.பி. அளவுக்கு, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள் அழிந்தன. 14 ஆராய்ச்சிக் குழுக்களின் உழைப்பு. செய்தது வைரஸோ கோபித்துக்கொண்ட ஊழியரோ இல்லை. பத்து நாளுக்கு மேல் பழைய லாக் ஃபைல்களை, அதாவது மெஷின் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் பதிவுகளை, கழிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்த பேக்கப் ஸ்கிரிப்ட், தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பை ஏற்றினார்கள். பாதி பழையது, பாதி புதியது என்று ஓடியதில், எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும் என்ற விவரம் வெற்றாகிப்போனது. லாக் ஃபோல்டருக்குப் பதில் ஆராய்ச்சித் தகவல் இருந்த இடத்தில் கை வைத்துவிட்டது. நான்கு குழுக்களுக்கு எதையும் திருப்பித் தர வழியில்லை. ஸ்கிரிப்டை எழுதிய ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று எழுதிக் கொடுத்தது.

சின்ன ஆபீஸுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள எளிய வழி உண்டு. தேதி போட்ட ஃபோல்டர். வெள்ளிக்கிழமை தோறும் எக்ஸ்டர்னலில் அன்றைய தேதியில் புதிய ஃபோல்டர், அதற்குள் முழு நகல். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் தானாகவே வரிசையாக அடுக்கிக்கொள்ளும். டேலி டேட்டாவும் வேர்டு, எக்ஸெல் ஃபைல்களும் மட்டும் உள்ள ஆபீஸில் ஒரு முழு நகல் 20 ஜி.பி.கூட வராது. 2 டி.பி. டிஸ்க்கில் ஒரு வருட வெள்ளிக்கிழமைகள் தாராளமாக அடங்கும். கெட்டுப்போன ஃபைல் நல்ல ஃபைலின் மேல் ஏறி உட்காரும் பிரச்சினையே வராது. வடிவமைப்பு ஸ்டூடியோ, வீடியோ எடிட்டிங் என்று டி.பி. கணக்கில் தகவல் உள்ளவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அவர்கள் மாறியதை மட்டும் சேர்க்கும் மென்பொருளுக்குப் போக வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு 2007 முதல் டைம் மெஷின் அதைச் செய்கிறது.

அடுத்தது கேபிள். எக்ஸ்டர்னலை நிரந்தரமாகச் செருகியே வைத்திருந்தால் வசதி. தானாக பேக்கப் ஆகும், யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் காலத்தில் இந்த வசதிக்கு விலை உண்டு. மெஷினுக்குள் நுழைந்த ரான்சம்வேர், அந்தப் பயனருக்கு எழுத அனுமதி உள்ள எல்லா டிரைவ் எழுத்துகளையும் ஒன்றொன்றாகத் தேடிப்போய்ப் பூட்டும். எஃப், ஜி என்று செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் அதற்கு இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். 2017 மே 12இல் உலகைச் சுற்றிவந்த வன்னாக்ரை, விண்டோஸ் தனக்குள் எடுத்து வைத்திருக்கும் ஷேடோ காப்பிகளையும் தேடி அழித்தது. பிறகு வந்தவையும் முதலில் கை வைப்பது பேக்கப்பின் மேல்தான், நகல் இருந்தால் யாரும் பணம் கட்ட மாட்டார்களே.

அதே வருடம் ஜூன் 27இல் நாட்பெட்யா என்ற இன்னொரு வைரஸ் வந்தது. அது பரவிய வழி, உக்ரைனில் வரி தாக்கல் செய்யப் பயன்படும் மீடாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட். உக்ரைனில் கிளை வைத்திருந்த மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் அதில் மாட்டியது. 45,000 கம்ப்யூட்டர்களையும் 4,000 சர்வர்களையும் மறுபடி நிறுவ வேண்டி வந்தது என்று அதன் தலைவர் பிறகு டாவோஸில் சொன்னார். சர்வர்கள் பலவற்றுக்கு சில நாள் பழைய பேக்கப் இருந்தது. ஆனால் யார் யாருக்கு எந்த அனுமதி என்ற வரைபடத்தையே வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்களுக்கு இல்லை. உலகம் முழுக்க சுமார் 150 கன்ட்ரோலர்கள், ஒன்றையொன்று பார்த்து ஒத்திசைத்துக்கொண்டே இருக்கும். ஒன்று போனால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்று தப்பியிருந்தது, கானாவில். நாட்பெட்யா வந்த நேரத்தில் அந்த ஆபீஸில் கரண்ட் இல்லை. மெஷின் நெட்வொர்க்கில் இல்லாததால் வைரஸ் அதைத் தொடவில்லை. கானாவிலிருந்து இணையம் வழியாக அனுப்பலாம் என்றால் அங்கே வேகம் போதவில்லை, நாள்கணக்கில் ஆகும். நேரில் கொண்டுவரலாம் என்றால் அங்கிருந்த ஊழியர்களுக்கு இங்கிலாந்து விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியா வரை கொண்டுவந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் அந்த ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்க, அவர் லண்டனுக்குப் பறந்தார். மின்வெட்டு ஒரு பன்னாட்டு நிறுவனத்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் நம் மின்வாரியத்தை ஆதரித்துப் பேசுவது போலத் தோன்றும். கரண்ட் போனதால் தற்செயலாக நடந்ததை, நாம் கேபிளைப் பிடுங்கி வேண்டுமென்றே செய்துகொள்ளலாம்.

ஆனால் கழற்றி வைத்த டிஸ்க்கில் இன்றைய வேலை ஏறாது. இந்த முரணுக்கு விடை இரண்டு டிஸ்க். ஒன்று செருகியபடி இருந்து அன்றாடத் தவறுகளுக்குக் கைகொடுக்கட்டும்: தெரியாமல் அழித்தது, மேலே சேவ் பண்ணியது, மெஷின் படுத்தது. மற்றொன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து, நகல் எடுத்துக்கொண்டு, கட்டடத்தை விட்டு வெளியே போகட்டும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று தொழில்நுட்பக்காரர்கள் சொல்லும் 3-2-1 விதியின் சின்ன ஆபீஸ் வடிவம் இதுதான். அந்த விதியைப் பிரபலமாக்கியவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர். கல்யாணப் படங்களை இரண்டாம் முறை எடுக்க முடியாது என்ற தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை முன்னாலேயே வந்துவிடுகிறது.

கட்டடத்தை விட்டு வெளியே போவது ஏன் என்பதற்கு நமக்கு தேஜான் வரை போக வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் சென்னையின் தரைத்தள ஆபீஸ்களில் தண்ணீர் புகுந்தபோது சி.பி.யூ. நின்றது தரையில், எக்ஸ்டர்னல் இருந்தது அதே மேசையின் கீழ் டிராயரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அதே கதை. வெளியூர் அனுப்ப வேண்டாம், முதலாளியின் வீட்டு மாடியில் இருந்தால் போதும். வீடும் ஆபீஸும் ஒரே கட்டடம் என்றால் மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

சட்டமும் இதில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கம்பெனிகள் (கணக்குகள்) விதிகள் 2014இன்படி, மின்னணு வடிவில் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் கம்பெனிகள், இந்தியாவிலேயே இருக்கும் சர்வரில் அதன் பேக்கப்பை வைக்க வேண்டும். முன்பு அவ்வப்போது என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் தினந்தோறும் என்று திருத்தினார்கள். இது பதிவுபெற்ற கம்பெனிகளுக்கு. தனி உரிமையாளர் கடைக்கும் கூட்டு வணிகத்துக்கும் இந்த விதி இல்லை. பிரைவேட் லிமிடெட் என்றால் வாரம் ஒருமுறை எக்ஸ்டர்னலில் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. விதி சர்வர் என்று சொல்கிறது, மேசை டிராயரில் இருக்கும் டிஸ்க் அதற்கு ஈடாகுமா என்பதை ஆடிட்டரிடம் பேசிக்கொள்வதே நல்லது.

எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. கம்பெனிகள் சட்டத்தில் எட்டு நிதியாண்டு. ஜி.எஸ்.டி.யில் அந்த வருட ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம். இன்று வாங்கும் எக்ஸ்டர்னல் எட்டு வருடம் உயிரோடு இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை, பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருடம். ஆகவே நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பழைய டிஸ்க்கிலிருந்து புதியதுக்கு மாற்றுவதும் பேக்கப் வேலையில் சேர்த்தி. 2011 முதல் மார்ச் 31ஐ உலக பேக்கப் நாள் என்று கொண்டாடுகிறார்கள். தேதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தியக் கணக்கு ஆபீஸ்களில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆடிட் முடிந்து கையெழுத்தான பிறகு, அந்த நிதியாண்டுக்கு என்று தனியாக ஒரு நகல் எடுத்து, அதன்மேல் இனி எதுவும் எழுதுவதில்லை என்று ஒதுக்கி வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

டிஸ்க் தேர்வு பற்றிச் சுருக்கமாக. சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு எதிரி, ஓடிக்கொண்டிருக்கும்போது விழுவது. உள்ளே தகட்டுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் இடையிலான இடைவெளி சில நானோமீட்டர்தான். மேசையிலிருந்து விழுந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி செருகிப் பார்க்கக் கூடாது, பார்க்கப் பார்க்கத் தகடு சேதமாகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. விழுந்தால் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் வருடக்கணக்கில் வைப்பதற்கு அது ஏற்றதல்ல. எழுதித் தேய்ந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பதே சாதாரண எஸ்.எஸ்.டி.க்கு, சிப் தொழிலின் தர அமைப்பான ஜெடெக் வைத்திருக்கும் அளவுகோல். புதியது இதைவிட நெடுநாள் தாங்கும். இருந்தாலும் சென்னை மே மாதத்தில் பூட்டிய ஆபீஸ் அறை 30 டிகிரியில் நிற்பதில்லை. எட்டு வருடப் பத்திரத்துக்கு ஹார்டு டிஸ்க், வாராவாரம் போய் வருவதற்கு எஸ்.எஸ்.டி. என்று பிரித்துக்கொள்ளலாம்.

மெதுவாக ஏறுகிறது என்றால் டிஸ்க்கைத் திட்டும் முன் எந்தத் துளையில் செருகினோம் என்று பாருங்கள். 300 ஜி.பி.யை நகலெடுக்க பழைய யூ.எஸ்.பி. 2 துளையில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும், உள்ளே நீல நிறம் உள்ள யூ.எஸ்.பி. 3 துளையில் அதே ஹார்டு டிஸ்க் முக்கால் மணியில் முடிக்கும். ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள் என்றால் இரண்டுமே திணறும். ஃபார்மேட்டைப் பொறுத்தவரை, விண்டோஸ் மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ். என்ன மாற்றப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் குறிப்பேடு அதற்கு உண்டு, நடுவில் கரண்ட் போனாலும் அது நிலைமையைச் சமாளிக்கும். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். அதற்கு அந்தக் குறிப்பேடு கிடையாது, யூ.பி.எஸ். இல்லாத மெஷினில் கவனம் தேவை. பழைய ஃபேட் 32இல் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, வளர்ந்துவிட்ட பி.எஸ்.டி. ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

கட்டடத்தை விட்டு வெளியே போகும் டிஸ்க் பஸ்ஸிலும் போகும், ஆட்டோவிலும் போகும். வாடிக்கையாளர்களின் பான் எண், சம்பளப் பட்டியல், வங்கி விவரம் எல்லாம் அதில் இருக்கும். பிட்லாக்கர் போட்டுப் பூட்டுவது விண்டோஸ் ப்ரோ பதிப்பில் சில கிளிக் வேலைதான், பூட்டியதை ஹோம் பதிப்பு மெஷினிலும் திறக்கலாம். ப்ரோ இல்லாதவர்களுக்கு வேராகிரிப்ட் இலவசம். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அதே மெஷினின் டெஸ்க்டாப்பில் நோட்பேடில் சேமிப்பவர்கள்தான் அதிகம். மெஷின் போனால் எண்ணும் போகும், டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லை. தாளில் அச்சடித்து, ஜி.எஸ்.டி. சான்றிதழும் வாடகை ஒப்பந்தமும் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடலாம்.

இதெல்லாம் செய்தும் திருப்பி எடுத்துப் பார்க்காதவரை பேக்கப் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31இல் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். நிறுத்துவதற்குள் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிச்சம். ஐந்து வகையில் பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள், ஒன்றும் உதவவில்லை. முக்கியமான ஒன்று, மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் நின்றுபோயிருந்தது. நின்றுபோனதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் தள்ளுபடியாகி யாருக்கும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன், வேறு ஒரு சோதனைக்காகக் கையால் எடுத்த நகல் ஒன்றை வைத்துத்தான் தப்பித்தார்கள். இத்தனையையும் மறைக்காமல் அவர்களே வெளியில் எழுதினார்கள், அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

உங்கள் ஆபீஸில் இதைச் சோதிக்க பத்து நிமிடம் போதும். எக்ஸ்டர்னலை வேறு ஒரு மெஷினில் செருகுங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய ஃபோல்டரைத் திறந்து ஒரு எக்ஸெல், ஒரு பி.டி.எஃப்., ஒரு பி.எஸ்.டி. என்று எடுத்துப் பாருங்கள். டேலி டேட்டாவை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து ஏதாவது ஒரு லெட்ஜரின் இறுதி இருப்பைக் கேளுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாவின் மேலேயே ரீஸ்டோர் செய்துவிடக் கூடாது, அவசரத்தில் அதுவும் நடக்கும்.

இதுவரை சொன்னது சொந்த ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு. வேறொருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், "என் வேலையை நான் பத்திரப்படுத்திக்கொள்கிறேன்" என்று சொந்த எக்ஸ்டர்னலை ஆபீஸ் மெஷினில் செருகுவது வேறு விஷயம். பல ஐ.டி. நிறுவனங்கள் யூ.எஸ்.பி. துளையையே முடக்கி வைத்திருக்கின்றன, முடக்காத இடத்திலும் என்ன நகலானது என்ற பதிவு இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கம்ப்யூட்டரிலிருந்து தகவலை நகலெடுப்பதற்கு இழப்பீடு கேட்க வழி செய்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. வேலையை விடும் வாரத்தில் எடுத்த பேக்கப்பை நல்ல நோக்கம் என்று நிரூபிப்பது கஷ்டம். மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, ஆபீஸே கொடுக்கும் டிஸ்க்கில் எடுத்து, அதை ஆபீஸிடமே ஒப்படைப்பதுதான் வழி. கேட்டால் பெரும்பாலும் ஷேர்பாயின்ட்டில் போடச் சொல்வார்கள், சரி, போட்டுவிடுங்கள்.

கடைசியாக, வயதான டிஸ்க்கை என்ன செய்வது? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு ஏதோ ஒரு விலை கிடைக்கும், கொடுக்கும் முன் குவிக் ஃபார்மேட் அடித்துக் கொடுக்கிறார்கள். குவிக் ஃபார்மேட் அட்டவணையை மட்டும் அழிக்கும், தகவல் அப்படியே கிடக்கும், இலவச மீட்பு மென்பொருளே அதைத் தோண்டி எடுத்துவிடும். ஃபார்மேட் செய்யும் பெட்டியில் குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டால், விஸ்டாவுக்குப் பிறகு வந்த எல்லா விண்டோஸிலும், டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதும். 2 டி.பி.க்குச் சில மணி நேரம் ஆகும், மாலையில் போட்டுவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். டக் டக் சத்தம் வந்து எழுதவே மறுக்கும் டிஸ்க்கை விற்கப் போக வேண்டாம். முதல் நாளிலிருந்தே பிட்லாக்கர் போட்டிருந்த டிஸ்க் என்றால் இந்தக் கவலை பாதி குறையும், கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் இல்லாமல் அதற்குள் இருப்பது யாருக்கும் படிக்க வராது.